வெற்றிலை வைத்துச் சேர்ந்த யோகா

வெள்ளவத்தை,
07.02.1999

அன்பு மகள் கோமளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நல்ல சுகம். நான் இடுப்பைத் தவிர மற்றெல்லாம் சுகம். நீயும் முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆகவே நாம் இருவரும் முக்கால் சுகம் என்று வைத்துக்கொண்டு முருகனுக்கு நன்றி சொல்வோம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கனடாவில் அறையை அடுப்பு மாதிரிச் சூடாக்கி அதற்குள் யோகாசனம் செய்கிறார்கள் என்று வாசித்துக் காட்டியதும் அப்பா, "அந்தச் சூடு கொழும்புல சும்மாவே கெடைச்சிருக்குமே, இதுக்கா பிளேன் ஏறிப் போனா" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சூட்டு அறை வகுப்பு, வேகமாகச் செய்யும் வகுப்பு, நூலகத்தின் கீழ்த்தளத்தில் மெதுவாகச் செய்யும் வகுப்பு, இந்த மூன்றில் எது எனக்குச் சரி என்று கேட்டிருக்கிறாய். சூட்டு அறையில் முழங்கால் நோகிறது, ஆனால் அந்த ஆசிரியை அன்பானவர், சிநேகிதியோடு சேர்ந்த வகுப்பு, இப்போது விட்டுவிட்டு வர வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோது நீ என் வயிற்றில்தான் பிறந்தாய் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நீ கவலைப்படுவாய் என்று இதுவரை எழுதாமல் வைத்திருந்ததை அதனால்தான் இப்போது எழுதுகிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் சிரிக்கத்தான் இருக்கிறது.

போன வருடம் நடுவிலிருந்தே எனக்கு இடுப்பு வலி. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை பஸ்ஸில் நிற்பது, பிறகு பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது, திரும்பவும் பஸ்ஸில் நிற்பது. வைத்தியர் முறையான பயிற்சி ஏதாவது செய்யச் சொன்னார், அதற்கும் குணமாகாவிட்டால் நிற்கிற வேலையை விடவேண்டும் என்றார். இதை எப்படியோ அறிந்த எங்கள் பாடசாலை அதிபர், நூலகப் பொறுப்பு காலியாக இருக்கிறது, உட்கார்ந்தே பார்க்கலாம் என்று மெல்லச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதன்முதலாகப் பட்டம் படித்தவள் நான், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் ஆசையாகச் செய்வது உயர்தர வகுப்புக்குச் சுவரில் படத்தை மாட்டிப் புவியியல் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். அதுவும் போய்விடும் என்றதும் பயந்துபோனேன். எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியை பலீலாவை உனக்கு நினைவிருக்கும், நீ போன பிறகு நம் ஒழுங்கைக்கே குடிவந்துவிட்டா. அவவும் நானுமாக காலி வீதிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் பூபாலசிங்கம் மாஸ்டர் நடத்தும் வகுப்பில் சேர்ந்தோம். பலீலா கைவீசிக்கொண்டு வந்தா. நான் விஜயதசமி வரை காத்திருந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வேட்டி எல்லாம் வைத்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுச் சேர்ந்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

மாஸ்டரின் முறை வேகமான முறை. எண்ணி எண்ணி ஒன்றை முடித்த மூச்சிலேயே அடுத்தது, பாயில் வியர்வை சொட்டவேண்டும். முறையில் குறை சொல்லமாட்டேன், வங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அங்கே வந்து பூப்போல வளைந்தார்கள். என் இடுப்புக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை, சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெற்றிலை வைத்துக் குருவாக ஏற்றவரிடம் நோகிறது என்று எப்படிச் சொல்வது, அவரை விட்டு இன்னொருவரிடம் எப்படிப் போவது. பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுக்க விரிவுரையில் ஒரு கேள்வி கேட்காதவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு பின்வரிசையில் செய்தேன். பொங்கலுக்கு முன் ஒரு நாள் கலப்பை ஆசனம், அதாவது மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் தரையில் வைப்பது. வைத்துவிட்டேன், எடுக்க முடியவில்லை. இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், நான் அப்படியே கிடந்தேன், வாயே திறக்கவில்லை. மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, "பாருங்கோ, டீச்சரைப் பாருங்கோ, எவ்வளவு உறுதி! இதுதான் சாதகம்" என்று எல்லோருக்கும் காட்டினார். வகுப்பே கைதட்டியது. பலீலாதான் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "மாஸ்டர், அவ ஆசனம் செய்யல்ல, மாட்டிக்கிட்டா" என்று கத்தினா. பிறகு நாலு பேர் பிடித்து என்னை நிமிர்த்தினார்கள். இந்தப் பொங்கலுக்குப் பானை வைத்தது அப்பா, நான் கட்டிலில் கிடந்தபடியே பால் பொங்கும் சத்தத்தைக் கேட்டேன். பால் முழுவதும் அடுப்பில்தான் வழிந்தது.

நான் படுத்திருக்கும்போதே அதிபர் ஆள் அனுப்பி, உயர்தர வகுப்பை வேறொருவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டார். ஹெவ்லொக் டவுனில் நெலுன் என்ற சிங்களப் பெண் ஒருவர் உட்காரக் கதிரை, சாயத் தலையணை எல்லாம் வைத்து மெதுவாகச் செய்விக்கிறார் என்று பலீலா விசாரித்துச் சொன்னா. எனக்குப் போக ஆசை, ஆனால் வெற்றிலை தொண்டையில் நின்றது. அப்பா, "டீச்சரம்மா, வெத்தல குடுத்தது பாடம் படிக்கத்தானே, கல்யாணம் முடிக்கவா" என்றார். அந்த நேரம் பார்த்து மாஸ்டரே ஒரு பை திராட்சைப்பழத்தோடு வந்துவிட்டார். அப்பா தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய் அங்கேயே நின்றுகொண்டார். மாஸ்டர் வந்தவுடனே, "திங்கக்கிழமை வாங்கோ, சிரசாசனத்தில நிப்பாட்டி விடுறன், எல்லாம் பறந்திடும்" என்றார். ஓம் மாஸ்டர், வருகிறேன் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் என் கரும்பலகை போய்விடும் என்று நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே, உங்கள் முறை நல்லது மாஸ்டர், ஆனால் என் உடம்புக்குச் சரிவரவில்லை, நான் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு, "இதை அண்டைக்குக் கலப்பையில கிடக்கேக்கையே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் எல்லாருக்கும் காட்டிக் காட்டிப் புகழ்ந்துபோட்டன்" என்றார். பாவம், அவருக்கும் வெட்கம். அவர் போனதும் அப்பா வெளியே எட்டி வானத்தைப் பார்த்து, "மழ வருதான்னு பாக்குறேன், உங்கம்மா வாயத் தொறந்துட்டா" என்று அங்கே இல்லாத உன்னிடம் சொன்னார்.

இப்போது நெலுனிடம் போகிறேன். வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு பாயையும் விரித்துக் காட்டவேண்டும். அங்கே நிற்கும் பொலிஸ் பெண், நின்று நின்று கால் வீங்குகிறது, இதற்கும் ஆசனம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறாள். நெலுன் ஒவ்வொரு அசைவுக்கும் "ரிதெனவத" என்று, அதாவது நோகுதா என்று சிங்களத்தில் கேட்பார். முதல் நாள் பழக்கதோஷத்தில் இல்லை இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொருமுறை கேட்டார். ஆம் என்றேன். ஒரு தலையணையை எடுத்து இடுப்புக்குக் கீழே வைத்தார், அவ்வளவுதான். நான் அழுததை அவர் வியர்வை என்று நினைத்திருப்பார். போன வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளை தொடர்ந்து, பருவக்காற்றுப் படத்துக்குப் பக்கத்தில் நின்று படிப்பித்தேன், கடைசியில் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்தேன். அதிபர் யன்னலால் பார்த்துவிட்டுப் போனார். வகுப்பு என்னிடமே இருக்கிறது. பலீலா இன்னும் மாஸ்டரிடம்தான் போகிறா, தலைகீழாக நின்று பார்த்தால் உலகம் ஒழுங்காகத் தெரிகிறதாம்.

ஆகவே மகள், எது உயர்ந்த முறை என்று பார்க்காதே. நீ கடையில் நாள் முழுக்க நிற்கிறவள், சூட்டில் உடம்பு இளகி முழங்கால் போகக்கூடாத அளவுக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறேன், வைத்தியரிடமும் ஒருமுறை காட்டு. நூலக வகுப்பில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார். முழங்கால் நொந்தால் நான் என்ன செய்ய என்று அங்கே படிப்பிப்பவரிடம் முதலில் கேள், பதிலிலேயே உனக்குத் தெரிந்துவிடும். சிநேகிதிக்குச் சூடு பிடித்தால் அவள் அங்கேயே செய்யட்டும், முடிந்ததும் இருவரும் சேர்ந்து தேநீர் குடியுங்கள். சாப்பிட்ட உடனே செய்யாதே, பனியில் அந்தப் பழைய சப்பாத்தைப் போடாதே.

முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதனோடு வருகிறது. இனி வரவில்லை என்பதை மறக்காமல் அந்தச் சூட்டு அறை ஆசிரியையிடம் நீயே நேரில் போய்ச் சொல், சிநேகிதியை அனுப்பாதே. என்ன வார்த்தை சொன்னாய் என்பதை முதலில் எழுது, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைப் பிறகு எழுதினாலும் போதும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா