அந்த மூன்றடி என் தவறு, மாமா

என் அக்காவின் கணவரே, என்னைத் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட என் மாமா,

நெல்லிவாசல்நாட்டிலிருந்து எழுதுகிறேன். ஏரிக்காக அளந்து முடித்துவிட்டுக் காய்ச்சலோடு டோலியில் மலை இறங்கினீர்களே, அதே ஊர். அந்தக் காய்ச்சலிலேயே நீங்கள் கண்மூடியபிறகு நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நாலு பேர் படிக்கட்டும் என்றே இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

ஏரியைக் கட்டி முடித்தார்கள் மாமா. நம் கம்பெனி போட்டுக்கொடுத்த வரைபடப்படி கோடை முழுக்க ஊரே மண் சுமந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலையும் நாம் குறித்த உயரத்துக்கே கட்டினார்கள். ஐப்பசி மழை நாலு நாள் விடவில்லை. கலங்கலில் தண்ணீர் வழிவதற்கு முன்பே பின்பக்கமாக ஏறி, நீரோரத்து ஐந்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. மண்சுவர்கள் கரைந்து விழுந்தன. வருஷத்துக்கு வைத்திருந்த சாமையெல்லாம் ஊறிப்போனது. உயிர் போகவில்லை, அவ்வளவுதான்.

ஊர்க்கவுண்டர் திருப்பத்தூருக்கு நம் ஆபீசுக்கு வந்தார். "எங்க ஏரிக்கு இந்த ஓவர்சியருதான் வேணும்" என்று அன்று உங்களைத் தேடி வந்தவரேதான். இந்த முறை உட்காரக்கூட இல்லை.

"செத்தவரைப் பத்திப் பேசக்கூடாதுங்க. ஆனா ஓவர்சியரு தப்பா அளந்துட்டாருங்களே. இப்ப இன்னா செய்யறது?"

"அவருக்கு அப்பவே காய்ச்சலுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அவர் போனதும் உங்கள் நோட்டைப் பிரித்தேன். நீரோரத்துக் கடைசி வீட்டு வாசற்படியின் மட்டம் 94 அடி என்று உங்கள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. நான் கணக்குத்தாளில் எடுத்து எழுதியது 97. அந்த வீடுகள் உண்மையில் இருப்பதைவிட மூன்றடி மேட்டில் இருப்பதாக நினைத்துத்தான் கலங்கலுக்கு உயரம் குறித்திருக்கிறேன்.

வெளியே சொல்லவில்லை மாமா. சொன்னால் கம்பெனியை மூட வேண்டியதுதான், அக்காவும் பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவார்கள்? பழி செத்தவர் மேல் போனால் கம்பெனி பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. ஆலங்காயத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நம்மை அமர்த்தியிருந்தவர், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா காதுக்கும் விஷயம் போயிற்று. "அவரு தப்பா அளந்திருப்பாராடா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

"அப்ப நான் மலைக்குப் போறேன். அவரு இல்ல. அவருக்குப் பதிலா யாராவது போய் மன்னிப்பு கேக்கணுமில்ல?"

தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் கூடவே ஏறினேன். வழியெல்லாம் உண்மை வாய்வரை வந்தது, சொல்லவில்லை. இடிந்த வீட்டு முன்னால் அந்த வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பி, "எங்க வூட்டுக்காரரு செஞ்ச தப்புக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அவரு சரியாத்தான் அளந்தாரு! தப்பா எழுதுனது நான்!" கத்தியேவிட்டேன்.

அந்தம்மா என்னையே பார்த்தார். "மழை பேஞ்ச நாள்லேர்ந்து அந்த மனுசனைத் திட்டிக்கினு இருந்தேனே. செத்தவரைத் திட்ட வெச்சிட்டியேடா பாவி."

அக்கா திரும்பி நடந்தாள். அடிவாரம் வரை பின்னாலேயே போனேன். பஸ் ஏறும்போது, "நீ வராத" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். நான் திரும்பவும் மலைக்கே ஏறிவிட்டேன்.

கலங்கலைத் தாழ்த்த கவுண்டர் வேறொரு சர்வேயரை அமர்த்தியிருக்கிறார். அவர் வந்தபோது அளவுகோலையாவது பிடிக்கலாம் என்று போனேன். "நீ தொடாத. சுவருக்கு மண்ணு கொழைக்கறதுன்னா கொழை" என்றார் கவுண்டர். குழைக்கிறேன் மாமா. காலெல்லாம் வெடித்துவிட்டது. யாரும் என்னோடு பேசுவதில்லை. சாமைக்கஞ்சியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைக் குடித்துவிட்டு மறுபடியும் மண்ணில் இறங்குகிறேன்.

நீங்கள் இருந்திருந்தால் என்னை அடித்திருப்பீர்களா? இல்லை, அந்தத் தாளை வாங்கி நீங்களே ஒருமுறை சரிபார்த்திருப்பீர்களா? அக்கா இனி என் முகத்தில் விழிப்பாளா?

ஐந்து வீடும் எழும்பாமல் இந்த மலையைவிட்டு இறங்க மாட்டேன். அதற்குப் பிறகு நாம் அளந்துகொடுத்த ஒவ்வொரு ஊருக்கும் நடந்து போவேன். நீங்கள் தப்பாக அளக்கவில்லை என்று என் வாயாலேயே சொல்வேன். ஒரு ஊரையும் விடமாட்டேன்.

உங்கள் பெயரைக் கெடுத்த
மைத்துனன்