கழிவு என்ற சொல்

வளப்பூர் நாடு
1964 ஐப்பசி 12

சிரஞ்சீவி அர்த்தனாரிக்கு அப்பன் சின்னுசாமி ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாளும் தங்கை அம்சவேணியும் மிளகுக்கொடியும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இப்போது ஊரே பேசுகிறது.

தப்பு என்னுடையதுதான் கண்ணு. பம்பாயில் அணுக் கழிவுப் பிரிவில் வேலை என்று நீ எழுதியதும், ஐந்தாம் வகுப்பு மேதாவியான நான் அதைத் துணிக்கடையில் தள்ளித் தருகிற கழிவு என்று எண்ணி, என் மகன் கையெழுத்தில்லாமல் சர்க்கார் யாருக்கும் கழிவு தராது என்று பீற்றித் திரிந்தேன். போன மாதம் கல் ஆராய வந்த ஆபீசர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டியபோதும் அதையே சொல்ல, டிக்டிக் என்று சத்தம் போடும் பெட்டி வைத்திருந்தவர் சிரித்து, அந்தக் கழிவு இல்லீங்க, இது தொடாமலே ஆளைக் கொல்லும் விஷம் என்று எல்லார் முன்னாலும் விளக்கினார். அன்றைக்கே ஊர் முடிவு கட்டிவிட்டது, விஷத்தை இந்த மலையில்தான் புதைக்கப் போகிறார்கள், இடம் காட்டியவன் நான், அனுப்புகிறவன் நீ.

பயம் தெளியட்டும் என்று ஊர்க் கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். ஆளுயரக் குழி வெட்டி, சுற்றிலும் கல் கட்டி மூடினால் ஆபத்தில்லை என்று நீ எழுதியதை இரண்டு தரம் நிறுத்திப் படித்தேன், நல்ல குரல் என்று நானே மெச்சிக்கொண்டேன். ஊர்க்கவுண்டர் செங்கோடன், "உம்பட பையன் நல்ல வழி சொல்லிப்போட்டான் சின்னு, அப்படியே பண்ணிப்போடலாம்" என்றார். உன் கை பட்டு வந்ததென்று, தங்கைக்கு நீ அனுப்பிய முகூர்த்தப் புடவையைப் பார்சலோடு கொண்டுவரச் சொன்னார்கள். குழியை நானேதான் வெட்டினேன், வேறு யாரும் கிட்டே வரவில்லை. ஒரு தரம் பிரித்துப் பார்க்கிறேன் என்று அம்சவேணி கேட்டாள். விடவில்லை.

அதோடு முடியவில்லை. நீ கல்யாணத்துக்கு வந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, நீ மலையேறக் கூடாதென்று ஊர் கை தூக்கியது. ஒரு கை குறைந்தாலும் இங்கே தீர்ப்பு செல்லாது, உனக்குத் தெரியும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அம்சவேணியும் பார்த்தாள். தூக்கினேன் கண்ணு. மிளகு பறிக்கிற கை, மேலே தூக்கிப் பழகியதுதானே. உன் அம்மாள் அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள், அதில் விஷம் இல்லை என்று நம்பித் தின்கிறேன்.

ஆகையால் தை மாதம் ரயில் ஏறாதே. லீவு எழுதியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, அந்தச் சாமானைக் கையால் தொடாதே, தொட்டாலும் எனக்கு எழுதாதே, படித்துக் காட்டிவிடுவேன். அறப்பளீசுவரர் உனக்குத் துணையிருக்கட்டும். பதில் போட மறக்காதே, தபால்காரர் உன் கடிதத்தைத் தொடப் பயந்து கம்பு நுனியில் செருகி நீட்டுகிறார். உன் கடிதங்களையும் குழியில் போடச் சொல்லி உத்தரவு, படித்துவிட்டே போடுகிறேன்.

இப்படிக்கு,
கை தூக்கிய உன் அப்பன்
சின்னுசாமி