சூட்டுக் கையில் தண்ணீர்

லீட்ஸ், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு ரோவெனா எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? நம் ஊர் இலோயிலோவில் மழை விட்டதா?

இந்த நாட்டில் நர்ஸாக இருக்க லைசன்ஸ் தேர்வுக்குப் போனேன் அல்லவா, அதில் ஒரு வேடிக்கை. விடுதியில் யூனிஃபார்முக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டு, அந்தச் சூட்டோடு எதிரே இருந்த தேர்வுக்கூடத்துக்கு ஓடினேன். கட்டிலில் நோயாளியாக ஒரு ரப்பர் பொம்மை. கை கழுவாமல் அதைத் தொட்டால் அங்கேயே ஃபெயில். குழாயைத் திறந்தேன். தண்ணீர் கனவில் விழுவதுபோல் மெல்ல விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"அடியே, இஸ்திரி போட்ட கையில தண்ணி படக் கூடாதுடி! பஸ்மா நோய் பிடிச்சுக்கும். அப்புறம் ஆயுசுக்கும் கை நடுங்கும்!"

அறையே மிதந்தது. பொம்மைகூட உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, குழாயோட பேசிக்கிட்டிருக்கியா?" என்றார் தேர்வு நடத்தியவர்.

மன்னிச்சுக்கோங்க அம்மா, கழுவிவிட்டேன். பாஸும் ஆகிவிட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கைக்குத் தேய்க்கும் பச்சைத் தைலம் கொடுத்தனுப்புங்கள். கருவாடு வேண்டாம், வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். உங்கள் தலையணை உறை ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே வையுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள். அன்றைக்குக் கையில் தண்ணீர் பட்டதால்தான். வேறு ஒன்றுமில்லை.

உங்கள்
ரோவெனா