நீல டிரம்மில் விட்ட நான்கு மீன்கள்

அக்கா,

இன்று காலை மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்மின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். நேற்று முழுவதும் மூடி போட்டு வெயிலில் வைத்திருந்தது. புளித்த மாம்பழ வாசனை அடித்தது. ஜூஸ் கம்பெனியிலிருந்து வந்த டிரம். நல்ல டிரம். ஆனாலும் தலையை வெளியே எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இதே வாசனை வருகிறது என்று உங்களிடம் ஒருநாள் பொய் சொன்னேன். நீங்கள் போய் எட்டு வருஷம் ஆகிறது. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பருத்திப்பட்டில் இந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தபோது நீங்கள் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. உங்கள் கணவர் கம்பெனி பஸ் ஓட்டினார், என் கணவர் அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்தார். கீழே அத்தையின் ஆட்சி. மாடி உங்களுடையது. பாதியாக அறுத்த டிரம்களில் கலர் மீன் வளர்த்து ஆவடிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். சிவப்பு வால் கப்பி உங்களிடம் வாங்கினால்தான் சாகாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

பழைய சாமான் விற்கும் காயலாங்கடையில் டிரம் வாங்கும்போது உங்களைப் பார்க்க வேண்டும். "இதுல இன்னா இருந்திச்சி?" என்று கேட்பீர்கள். கடைக்காரர் எப்போதும் ஜூஸ் என்பார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். லேபிளைப் படிக்கச் சொல்வீர்கள். வெயிலில் மூடி வைத்து மோந்து பார்ப்பீர்கள். ஆப்பசோடா போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பீர்கள். சோப்பு பக்கத்திலேயே வரக் கூடாது. பிறகு பிளீச்சிங் பவுடர், பிறகு வெயில், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி மூன்று தடவை ஊறப் போடுவது. எல்லாம் முடிந்த பிறகும் நல்ல மீனை விட மாட்டீர்கள். நான்கு நாட்டுக் கப்பியை விட்டுப் பத்து நாள் பார்ப்பீர்கள். "பிளாஸ்டிக்கு குடிச்சிடும்டி. குடிச்சத மெதுவா கக்கும்" என்று எனக்குச் சொன்னீர்கள். நான் துணி காயப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொள்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உங்களை நல்லவராக மட்டும் எழுத எனக்கு வரவில்லை. உங்கள் வாய் அப்படி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிறந்த ஊரை வைத்து "ஏய் வேலப்பன்சாவடி" என்பீர்கள். என் பெண்ணின் காதுகுத்து அன்று என் அப்பா வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். காலேஜ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை அவருக்கு. குழந்தையின் காலைப் பிடித்து மாட்டப் போனபோது கூடத்தில் அத்தனை பேர் நடுவில் நீங்கள் சொன்னீர்கள்: "பாத்துப் போடுங்க பெரியவரே, பசங்க எச்சி குழந்த கால்ல ஒட்டிக்கப் போவுது." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

அன்று காலை அத்தை உங்களை, "நீ முன்னால வந்து நிக்காத, நல்ல காரியம் நடக்கற எடம்" என்று பின்னால் அனுப்பியிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் அதைத்தான் என் அப்பாவிடம் தீர்த்துக்கொண்டீர்கள் என்று பிறகு புரிந்தது. அன்றைக்குக் கண்ணில் நின்றது அப்பா சிரித்த முகம் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து, குழந்தை விஷயமாக நீங்கள் டாக்டரிடம் போயிருந்த ஒரு மத்தியானம், காயலாங்கடைக்காரர் டெம்போவில் ஒரு டிரம் இறக்கினார். அவரும் அன்று நேர்மையாகவே இருந்தார். "இது இரும்பு சாமான்ல பிசுக்கு எடுக்கற மருந்து வந்த டிரம்மு. லேபிளு ஒட்டிகினுதான் கீது பாரு. செடி வெக்கலாம், மண்ணு கொட்டலாம். மீனுக்கு ஆவாது. அக்காவாண்ட சொல்லிடும்மா, ஜூஸ் டிரம்மு அடுத்த வாரம் எட்த்துகினு வரேன்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் ஈரத்துணியைப் போட்டு லேபிளை ஊற வைத்தேன். நகத்தால் சுரண்டினேன். கட்டைவிரல் நகம் உடைந்தது.

சாயங்காலம் வந்தீர்கள். கடும் சளி. மூக்கு அடைத்து, குரலே மாறியிருந்தது. டாக்டர் என்ன சொன்னாரோ, அழுது முகம் வீங்கியிருந்தது.

"டிரம்மு வந்துச்சா? இன்னா சொன்னான்?"

"ஜூஸ் டிரம்முன்னாருக்கா."

"லேபிளு?"

"இல்லக்கா. ஒண்ணும் ஒட்டல."

மறுநாள் வெயிலில் வைத்தீர்கள். மூடியைத் திறந்து குனிந்தீர்கள், நிமிர்ந்தீர்கள். "ஒரு எழவும் தெரில. நீ மோந்து பாருடி. உன் மூக்கத்தான் நம்பிகினு கீறேன்."

குனிந்தேன். கண்ணில் நீர் வருகிற அளவுக்குத் தின்னர் நெடி.

"மாம்பழ வாசனக்கா" என்றேன்.

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. தேய்த்தீர்கள், ஊறப் போட்டீர்கள், டிரம்மை நெடுக்காக இரண்டாக அறுத்து ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கினீர்கள். நான்கு நாட்டுக் கப்பியை விட்டீர்கள். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்: நான்கும் செத்து மிதக்கும், உங்கள் மூஞ்சி ஒருமுறை விழும், நான் பார்ப்பேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் துணி காயப் போட மாடிக்குப் போனேன். இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். நீங்கள் டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைத் திட்டியிருப்பீர்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு அது போதவில்லை. கீழே போய் டீ வடிகட்டியை எடுத்துவந்து செத்த இரண்டையும் அள்ளிப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தேன். மூலையில் சிமெண்ட் தொட்டியில் அதே மாதிரி சாம்பல் நிறக் கப்பி நூறு இருந்தது. இரண்டை எடுத்து விட்டேன்.

பத்து நாளில் பதினொரு மீன் மாற்றினேன். முதல் நாள் கோபத்தில் செய்தேன். ஐந்தாம் நாள் கோபமே இல்லை. துணி காயப் போடுவது போல அதுவும் ஒரு வேலை ஆகிவிட்டது. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பத்தாம் நாள் அந்த நான்கையும் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். "தங்கமான டிரம்முடி" என்றீர்கள். அன்றைக்கே சிவப்பு வால் தாய் மீன்கள் அறுபதையும் இரண்டு பாதியிலும் மாற்றினீர்கள். மூன்று வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தவை. பாதிக்கு மேல் சினை.

ஞாயிற்றுக்கிழமை காலை வடகம் காயவைக்க மேலே போன அத்தைதான் முதலில் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடிகளில் ஆள் கூடிவிட்டது. நீங்கள் டிரம் பக்கத்தில் மண்டி போட்டு ஒவ்வொன்றாக வலையில் எடுத்துத் தரையில் வைத்தீர்கள். சினை மீன்களின் வயிறு வெடித்திருந்தது.

அத்தை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வயித்துலதான் ஒண்ணும் தங்கலன்னு பாத்தா, தண்ணிலயும் தங்கல. இவ கை பட்ட எது உருப்பட்டுது?"

உங்கள் கணவர் படியில் நின்றிருந்தார். அப்படியே இறங்கிப் போனார். நீங்கள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள்.

"நீ மோந்து பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்கா. மாம்பழ வாசனதான்."

அப்போது என் பெண் "பெரிம்மா" என்று ஓடிவந்து உங்கள் மடியில் ஏறினாள். அவளுக்கு இரண்டரை வயது. அத்தை என்னைப் பார்த்து, "புள்ளைய அவ கையில உடாத, எடு" என்றார். எடுத்தேன். உங்கள் ஈரக் கையிலிருந்து பிடுங்கித்தான் எடுத்தேன். அவள் கத்திய கத்தலில் நீங்கள் முதல்முறையாகத் தலையைக் குனிந்தீர்கள். அந்த மாதம் முழுவதும் அவளை உங்களிடம் விடவில்லை. அத்தை சொன்னதால் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு வீட்டில் உங்கள் கணவருக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு, உங்கள் காது கேட்கவே நடந்தது. ஒருநாள் ஒரு பையோடு கரையான்சாவடிக்கு, உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கணவர் மறுகல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆறு மாதம் கழித்து உங்களைத் தேடி வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் அந்தச் சின்ன வீடு. கொல்லையில் உட்கார்ந்து ஒரு டிரம்மின் ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கிக்கொண்டிருந்தீர்கள். பாதியாக இளைத்திருந்தீர்கள்.

"இன்னாடி வேலப்பன்சாவடி, வழி தெரிஞ்சிதா? கெழவி இப்ப யார திட்டிகினு கீது?"

"என்னத்தான்கா."

சிரித்தீர்கள். சந்தோஷமாகவே சிரித்தீர்கள். பிறகு உப்புத்தாளைக் கீழே வைத்தீர்கள்.

"காயலாங்கடைக்காரர பாத்தேன். உன்னாண்ட சொல்லிட்டுதான் எறக்குனேன்னாரு. லேபிளோட."

நான் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டேன்.

"நான் உங்கப்பன சொன்னேன், பதிலுக்கு நீ என்னிய செஞ்ச. அது புரியிது. புரியாதது அந்த நாலு மீனுதான். பத்து நாளு உள்ள நீந்திச்சே. எப்டி தப்பிச்சிது? அப்ப என் கணக்குதான் தப்பு. இப்பல்லாம் ஒரு மாசம் உடறேன். அப்பியும் நல்ல மீன உட கை வர்ல. என் கண்ண நானே நம்பறதில்ல."

"அக்கா, அந்த மீனு..." என்று ஆரம்பித்தேன்.

கையைத் தூக்கி நிறுத்தினீர்கள். "மன்னிப்பு கேக்க வந்தியா? கேக்காத. நான் ஏன் அந்த ஊட்ல வாய தொறக்கல தெரியுமா? உன்ன காப்பாத்தறதுக்கு இல்ல. சொன்னா நாலு நாளு திட்டுவாங்க, அழுவ, முடிஞ்சிபூடும். உனக்கு அது முடியக் கூடாது. நீயே வெச்சிக்க. கெளம்பு."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் எழுந்தேன். கதவு வரை போய் நின்றேன். நான்கு மீனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்லியிருந்தால் உங்கள் கண்ணை நீங்கள் திரும்ப நம்பியிருப்பீர்கள். நீங்கள் என்னைப் போகச் சொன்ன விதத்தில் எனக்கு மறுபடி அந்தப் பழைய கோபம் வந்தது. சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் செய்தி வந்தது. எடுக்கிறதுக்குள் வந்து சேர்ந்தேன். உங்கள் அண்ணி என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போய் ஒரு பாதி டிரம்மைக் காட்டினார். நான்கு கப்பி நீந்திக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் சாக்பீஸ் கோடுகள், இருபத்துமூன்று. "இன்னும் ஏழு நாளு பாக்கணும்னு சொல்லிகினே இருந்துச்சி. இந்த மீனுங்கள இன்னா பண்றது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

பத்து நாளே போதும், அக்கா. உங்கள் கணக்கில் தப்பே இல்லை. அந்த டிரம்மை உங்கள் மீன்கள் இரண்டாம் நாளே காட்டிக் கொடுத்துவிட்டன. நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன்.

என் கணவரின் பட்டறை மூடிய பிறகு மாடியில் நான்தான் மீன் வளர்க்கிறேன். எல்லாம் உங்களுடைய முறை. என் பெண் ஏழாவது படிக்கிறாள். இன்று மோந்து பார்த்த டிரம்மைக் காட்டி, "கழுவி முடிச்சப்புறம் எத்தினி நாளும்மா பாக்கணும்?" என்று கேட்டாள்.

"பத்து நாளு. உன் பெரிம்மா கணக்கு."

அவள் யோசித்தாள். "பெரிம்மாதான் மீனெல்லாம் சாவடிச்சாங்கன்னு ஆயா சொல்லுதே."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அத்தை இருமும் சத்தம் கேட்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.