மறுபரிசோதனை

மொரப்பூர்
6.2.2024

அன்புள்ள அமுதாவுக்கு,

பூவரசன் எழுதுவது. நீ கோபித்துக்கொண்டு மலைக்கு மாற்றல் வாங்கிப் போய் இரண்டரை வருடம் ஆகிவிட்டது. உன் போன் நம்பரும் மாறிவிட்டது. புது நம்பரை உன் அண்ணனிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. சித்தேரி ஆஸ்பத்திரி லேப் என்று விலாசம் போட்டால் உன் கைக்கு வந்துவிடும் என்று எழுதுகிறேன்.

ஒரு மாதமாக விடாத இருமல். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது. கடையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்ற உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கை சோர்ந்துபோகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டுகளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேப்பில் எடுத்தேன். ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன். இ.எஸ்.ஆர். 88 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. சளியில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

இதையெல்லாம் படித்துச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

நான் எழுதுவதைப் பார்த்து அம்மா, "அமுதாவுக்கா எழுதற? எழுது, எழுது. நான் ஒண்ணும் அவள விசாரிக்கலன்னு போடு" என்றாள். போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பூவரசன்

சித்தேரி
12.2.2024

வணக்கம்.

ஜெராக்ஸ் பார்த்தேன். இ.எஸ்.ஆர். என்பது, ரத்தத்தை ஒரு குழாயில் நிறுத்திவைத்து ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. உடம்புக்குள் எங்கேயாவது நோய் இருந்தால் வேகமாக இறங்கும். எங்கே, என்ன நோய் என்று அது சொல்லாது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

சளி டெஸ்ட்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எப்போது கொடுத்தீர்கள்? வெளியே டீ குடித்துவிட்டு வந்து டப்பாவில் துப்பிக் கொடுத்திருப்பீர்கள். அது எச்சில். எச்சிலில் தேடினால் எந்தக் கிருமியும் கிடைக்காது.

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடாமல், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக வர வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுங்கள், நெஞ்சு எக்ஸ்ரேயும் அங்கேயே எடுப்பார்கள். ஒரு மாத இருமலை வைத்துக்கொண்டு இனி ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம்.

அமுதவல்லி
லேப் டெக்னீசியன்

மொரப்பூர்
24.2.2024

அன்புள்ள அமுதா,

நீ சந்தேகப்பட்டதுதான் சரி. காசநோய். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக இருந்தது. சளியிலும் கிருமி தெரிந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், ஆறு மாதம். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. முதல் நாள் பயந்தே போனேன்.

இன்னொன்று, எச்.ஐ.வி. டெஸ்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "எதுக்குங்க எனக்கு இது?" என்று கேட்டேன். அங்கிருந்த நர்ஸ், "எல்லாருக்கும்தாங்க. கைய நீட்டுங்க" என்றார். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் வருகிற வரைக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் பார், அப்போதுதான் உன் நினைப்பு வந்தது.

குழந்தை இல்லை என்று சேலத்துக்கும் தருமபுரிக்கும் நீ பதினோரு தடவை டெஸ்டுக்குப் போனாய். நான் ஒவ்வொரு தடவையும் வெளியே டீக்கடையில் நின்றேன். என்னை ஒரே ஒரு டெஸ்ட் எடுத்துவரச் சொன்னார் டாக்டர். "எனக்கு என்ன குறை?" என்று கத்திவிட்டு வந்தேன்.

அம்மா என் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள். நீ சேலம் லேப்பில் வேலை முடிந்து வந்து இறங்குகிற ரயில் நேரத்துக்கு இன்னும் கடை வாசலில் வந்து நிற்கிறேன். பழகிவிட்டது. நீ இங்கே வர வேண்டாம், தொற்றிவிடும்.

பூவரசன்

சித்தேரி
3.3.2024

மாமாவுக்கு,

காசநோய் வந்த எல்லாருக்கும் எச்.ஐ.வி., சர்க்கரை இரண்டும் பார்ப்போம். இருந்தால் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும், அதற்காகத்தான். யாரும் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை.

தட்டில் தொற்றாது. இருமும்போது காற்றில்தான் பரவும். மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அத்தையையும் அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் சொன்னதாகச் சொன்னாலும் பரவாயில்லை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறும். அப்போதுதான் முக்கால்வாசிப் பேர் மாத்திரையை விடுவார்கள். நீங்கள் விடக் கூடாது.

பதினோரு தடவை என்று எழுதியிருந்தீர்கள். நானே எண்ணியதில்லை. நீங்கள் எண்ணியிருப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை.

இங்கே சாமை அறுப்பு முடிந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கிறேன். ஒருத்திக்கு உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது.

அமுதா

மொரப்பூர்
14.4.2024

என் அமுதாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அம்மாவின் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. எனக்கும் இருமல் குறைந்து இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

போன வாரம் யாரும் சொல்லாமலே தருமபுரிக்குப் போனேன். எட்டு வருடத்துக்கு முன்னால் எடுக்க மாட்டேன் என்று சொன்ன விந்துப் பரிசோதனையை எடுத்துக்கொண்டேன். எண்ணிக்கை மிகவும் குறைவு. அங்கிருந்த பெண்ணையே படித்துச் சொல்லச் சொன்னேன். "இது கஷ்டங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கொற எங்கிட்டதாம்மா. அவகிட்ட இல்ல." அம்மா, "அப்ப அந்தப் புள்ளய இத்தன வருசமா நான் பேசுனதெல்லாம்?" என்று கேட்டாள். அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

உன்னைத் திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன்மேல் தப்பில்லை என்று ஊரில் யார் கேட்டாலும் சொல்வேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பூவரசன்

சித்தேரி
22.4.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றியது. முடியவில்லை.

அந்த முடிவு செல்லாது. மாதக்கணக்கில் காய்ச்சல் அடித்த உடம்பில் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். உடம்பு தேறி மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். ஒரே முடிவை வைத்து உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்களே, அந்த ரிப்போர்ட்டை நான்தான் உங்களுக்குப் படித்துச் சொன்னேன். எல்லாம் நார்மல் என்றேன். பொய். வலது பக்கக் குழாய் அடைத்திருந்தது. இடது பக்கம் திறந்திருப்பதால் நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அப்போது அத்தை மாரண்டஅள்ளியில் உங்களுக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அடைப்பு என்ற ஒரு வார்த்தை போதும், என்னை அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன்.

ஊருக்கெல்லாம் முடிவை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக் கொடுக்கிறவள், என்னுடையதை மட்டும் மாற்றிப் படித்தேன். உங்களிடம் மட்டும்தான் குறை இருக்க முடியும் என்று உங்களை நினைக்க வைத்துவிட்டு, கோபித்துக்கொண்டும் வந்தேன்.

நீங்கள் உண்மையை எழுதிவிட்டீர்கள். என் உண்மை இதுதான். பதில் போடாவிட்டாலும் மாத்திரையை விடாதீர்கள்.

அமுதா

மொரப்பூர்
29.8.2024

அமுதா,

நான்கு மாதமாக எழுதவில்லை. கோபம்தான். குழாய் அடைத்ததற்கு இல்லை. நீ படித்துச் சொன்னால் அது சத்தியம் என்று இருந்தேன். அதற்குத்தான்.

தினமும் மாத்திரை போடும்போது உன்னைத் திட்டிக்கொண்டே போட்டேன். ஒரு நாளும் விடவில்லை. போன வாரம் முடிந்தது. கடைசியாகக் கொடுத்த சளியில் கிருமி இல்லை. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கோபம் ஆறின பிறகு யோசித்தேன். அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. நீ பயந்தது என்னைப் பார்த்துத்தான்.

மறுபரிசோதனைக்கு நான் போகவில்லை. போக வேண்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை அரூர் வந்து மலை பஸ் ஏறுகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பஸ்ஸை விட்டே இறங்க மாட்டேன். அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

பூவரசன்

சித்தேரி
4.9.2024

என் மாமாவுக்கு,

குணமாகிவிட்டது என்ற வரியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

நான் மொரப்பூருக்கு மாற்றல் கேட்கப் போவதில்லை. இங்கே லேப்புக்கு நான் ஒருத்திதான். நான் இல்லாவிட்டால் ஒரு சர்க்கரை டெஸ்டுக்கும் இவர்கள் மலை இறங்க வேண்டும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று இருக்கக் கூடாது.

எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது. மறுபரிசோதனை எடுப்பது என்றால் இரண்டு பேரும் எடுப்போம், ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. எடுக்க வேண்டாம் என்று தோன்றினாலும் இரண்டு பேருமாகவே விட்டுவிடுவோம். ஆனால் அதற்காக வராதீர்கள். என்னைப் பார்க்க வாருங்கள்.

பஸ் மதியம் ஒன்றேகாலுக்கு வரும். நான் நிற்பேன். அந்த பஸ் இரண்டரைக்குத் திரும்பிவிடும், அதில் போக வேண்டாம். திங்கட்கிழமை காலையில் ஒரு பஸ் இருக்கிறது.

அமுதா