கசக்காத இலை

ஸ்கூடாய், ஜொகூர்,
ஞாயிறு பிற்பகல்.

என் லோஷினி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை அங்கே உன்னோடு இருக்கும் ஷர்மினி வந்து விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். நானும் கடையும் நலம். போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது, நீ மௌனமாகிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தா திங்கியில் மழை. ஆற்றுத் தண்ணீர் உன் அப்பா வீட்டு வாசல்வரை வந்து வடிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மாமா நன்றாக இருக்கிறார். "மக எப்பங்க மாப்பிள்ள வருது?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஷர்மினி விடுமுறைக்கு வந்த மறுநாளே கடைக்கு வந்துவிட்டாள். நீ கொடுத்தனுப்பிய யோபான் இலைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நான் கேட்காததையெல்லாம் சொன்னாள். அமெரிக்காவில், ஜார்ஜியாவில் பழங்குடி மக்கள் காலங்காலமாகக் கொதிக்கவைத்துக் குடித்த செடி அது, பின்னால் வந்தவர்கள் களை என்று வெட்டிப்போட்டார்கள், அதை அக்கா மறுபடி பயிராக்குகிறார்கள் என்றாள். மருந்து அடிக்க வேண்டாம், தண்ணீர் இறைக்க வேண்டாம் என்றாள். தேயிலையில் இருக்கும் அதே சுறுசுறுப்பு இதிலும் உண்டாம். இதெல்லாம் உன் வாயாலேயே எத்தனையோ முறை கேட்டதுதான்.

கேட்காதது ஒன்று இருந்தது. "பண்ணைக்காரர் டேல் இருக்காருல்லண்ணே, காலையில அவருதான் அக்காவுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பாரு" என்றாள்.

நீ மாணவியாக வந்து "தே ஹாலியா, சீனி கொறச்சி" என்று இஞ்சித் தேநீர் கேட்ட நாளிலிருந்து உனக்குத் தண்ணி கலக்கியவன் நான். டேலுக்கு என்ன வயது என்று விசாரித்தேன். "நாப்பது இருக்கும்லா" என்று சிரித்தாள். அவள் சிரிக்கும்படி நான் எதுவும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய காணொளியையும் பார்த்தேன். பல தடவை பார்த்தேன். தொப்பி போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்கிறாய். எனக்காகத் தமிழில் ஒரு வரி பேசுகிறாய்: "இதுதான் எங்க தோட்டம்." நம்ம தோட்டம் என்று நீ சொல்லியிருக்க முடியாது, தெரியும். ஆனாலும் அந்த "எங்க"வில் நான் இல்லை, லோஷினி. அவன் இருக்கிறான்.

அந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனியாம். தேனீ பறந்துபோய் வரும் தூரத்தில் ஆண் செடி நின்றால்தான் பெண் செடி காய்க்கும் என்று ஷர்மினி விளக்கினாள். ஜொகூரிலிருந்து ஜார்ஜியாவுக்கு எந்தத் தேனீ பறக்கும் என்று கேட்கலாம் போலிருந்தது.

பொட்டலத்தை மைலோ டின்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். வெள்ளிக்கிழமை அதை எடுத்து, வேண்டுமென்றே பால் டின்னைக் கவிழ்த்து, நுரை வர இழுத்து ஆற்றி, நம் வாடிக்கைக்காரர் மரியநாதனிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அலமாக்! என்னய்யா இது, வைக்கோல் ஊறவச்ச தண்ணியா?" என்று தள்ளிவைத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று வந்தவர்களெல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

அதோடு விட்டேனா? அது கசக்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எந்தத் தேயிலையையும் அளவுக்கு மீறி ஊறவிட்டால் கசந்துபோகும். இது என் தொழில். மறுநாள் மதியக் கூட்டம் கலைந்ததும் பாலும் சீனியும் இல்லாமல், கொதிக்கும் தண்ணீரில் இலையை அள்ளிப் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்துச் சூரா பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும்வரை தொடவில்லை. ஆறிக் கறுத்துக் கிடந்தது. எடுத்துக் குடித்தேன்.

கசக்கவில்லை.

லேசான வறுத்த வாசனை. அடிநாக்கில் சீனி போடாத ஓர் இனிப்பு. இன்னொரு வாய் குடித்தேன், அப்போதும் கசக்கவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னை அங்கே பிடித்துவைத்திருப்பது டேல் என்றால், சண்டை போட எனக்கு ஓர் ஆள் இருந்தான். இந்த இலையோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்? அது நன்றாக இருக்கிறது. நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் இதை யார் காப்பாற்றுவார்கள் என்று எனக்கே கேட்கத் தோன்றியது. அதுதான் அதிகமாக வலித்தது.

இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று போன மாதம் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். இப்போது சொல்கிறேன்: கையெழுத்துப் போடு.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இதை எழுதும்போதும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. டேலுக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலையில் மட்டும் நீயே தண்ணி கலக்கிக் குடி. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அங்கே குளிர் தொடங்கும் என்றார்கள். காதை மூடிக்கொள். நீ நட்டதெல்லாம் நன்றாக வேர் பிடிக்கட்டும். நீ மட்டும் அங்கே வேர் பிடித்துவிடாதேம்மா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
கமலநாதன்