பந்துகினே கீறேன்

என் அன்பான சாமி,

உங்கள் குசினிக்காரன் அந்தோணி எழுதுகிறேன். ராயபுரத்தில் எல்லோரும் சுகம். குசினிக் கூரையை மாற்றியாகிவிட்டது, இனி மழைத் தண்ணீர் ரசத்தில் சொட்டாது. "மழை ரசம் நல்லா கீது" என்று நீங்கள் கேலி செய்ய வழியில்லை.

நோயில் கிடக்கும் தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லித்தானே கப்பல் ஏறினீர்கள்? உங்கள் ஊரான ஸ்பெயினில் கோயில்களைக் கொளுத்துகிறார்கள், குருக்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுகூட, இந்த மனுஷன் எப்படியும் தப்பிவிடுவார் என்றே நினைத்தேன். உங்களைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது சாமி.

பிறகு உங்கள் அம்மாவின் கடிதம் வந்தது. உங்களோடு அடைபட்டிருந்து உயிர் தப்பிய ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாராம். காலையில் காவல்காரர்கள் கதவைத் திறந்து, "இங்கே பாதிரி யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தீர்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நீங்களோ எழுந்து, யாருக்கும் புரியாத இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே நடந்தீர்களாம். அதை அவர் மறக்காமல் ஒப்பிக்க, அம்மா தம் எழுத்தில் அப்படியே எழுதி, "இது என்ன ஜெபம்? என் மகன் கடைசியாகச் சொன்னது என்ன?" என்று கேட்டிருந்தார்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் சாமியார் உங்கள் ஊர்க்காரர். அவர் அதை உரக்கப் படித்தார்: "பந்துகினே கீரேன்." லத்தீன் இல்லை என்றார். உங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த முன்ஷி, சமஸ்கிருதமும் இல்லை என்றார். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

உங்கள் நாக்கில் 'வ' என்றைக்கு வந்தது சாமி? வாழைப்பழம் உங்களுக்குப் பாழைப்பழம். வாத்தியார் பாத்தியார். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் வேண்டும் என்று காசிமேட்டிலிருந்தோ காலடிப்பேட்டையிலிருந்தோ ஆள் வந்து வாசலில் நின்றால், பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு நீங்கள் கத்துவது அதுதானே? "பந்துகினே கீறேன்பா!" நான் பின்னாலேயே, "துன்னுட்டுப் போ சாமி, மீனு ஆறிப்பூடும்!" என்று கத்துவேன். ஒரு நாளாவது கேட்டீர்களா?

அந்தப் பேச்சை உங்கள் வாயில் போட்டவன் நான். பிரசங்கத்தில் ஒருநாள், "சேசுநாதர் உங்க வூட்லதான் கீறாரு" என்றீர்களே, மீன்காரப் பெண்கள் முதலில் சிரித்து அப்புறம் அழுதார்களே! அன்றைக்கு முன்ஷி நேராகக் குசினிக்கு வந்து, "அந்தோணி, உன் குசினித் தமிழ் சாமியாரையே கெடுத்துவிட்டது" என்று ஏசினார். புதுச் சாமியார் வந்ததும், அவரிடம் நான் வாயே திறக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

அது 'வந்துகினே கீறேன்', வந்துகொண்டே இருக்கிறேன் என்று அர்த்தம் என நான் சொன்னதும் முன்ஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெற்ற தாய்க்கு இதைக் கொச்சைப் பேச்சு என்றா எழுதுவது? ஜெபம் என்றே எழுதிவிடுங்கள். பாவம், மனசு ஆறும்" என்றார். புதுச் சாமியாரும் தலையாட்டினார்.

"இன்னா முன்ஷியாரே, பொய்யா எழுத சொல்றீங்க?" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாவுற வூட்லேர்ந்து ஆளு வந்தா சாமி சொல்ற பேச்சு அது. அத்த அப்டியே எழுதுங்க. பெத்தவங்களுக்குப் புரியும்."

புதுச் சாமியார் நான் சொன்னபடியே எழுதினார், நீங்கள் பாதிச் சோற்றில் எழுந்து போவதையும் நான் பின்னால் கத்துவதையும் சேர்த்து.

போன வாரம் பதில் வந்தது. அம்மா எழுதுகிறார்: "சின்ன வயதில் சாப்பிடக் கூப்பிட்டால், 'இதோ வருகிறேன்' என்பான், வரவே மாட்டான். சூப்பை மூன்று தடவை சூடுபண்ணுவேன். சாப்பாட்டுக்கு மட்டும்தான் அவனுக்குக் காது கேட்காது. அந்தச் சமையல்காரரிடம் சொல்லுங்கள், எனக்கும் அதே தொல்லைதான்." சிரித்துவிட்டேன் சாமி. செய்தி வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

முன்ஷி அன்றே குசினிக்கு வந்தார். "இலக்கணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் அந்தோணி. அந்த ஒன்றை மட்டும் புதியவருக்கு நீ சொல்லிக் கொடு" என்றார். சொல்லிக் கொடுத்தேன். அவருக்கும் 'வ' வரவில்லை! நேற்று மத்தியானம் தண்டையார்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. "பந்துகினே கீறேன்பா" என்று பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார்.

நான் கத்தவில்லை. தட்டை மூடிவைத்துக் காத்திருந்தேன். இனி எப்போதும் அப்படித்தான், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. மேலேயிருந்து எனக்கு ஆள் வரும் நாளிலும் அடுப்பில் என்ன கொதித்தாலும் விட்டுவிட்டு அதையே சொல்வேன். 'வ' சுத்தமாக இருக்கும், கவலைப்படாதீர்கள்.

நீங்கள் வாய் நிறையக் கூப்பிட்டபடியே,
உங்கள் அண்ணாத்தே,
அந்தோணி